பிணத்திலும் பேதமா?

சின்னாட்களுக்கு முன் ஒரு பட்டணத்துப் படிப்பகத்தில் நிகழ்ந்த இலக்கியக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். தலைமை வகித்தவர் ஆங்கிலத்தில் பெரும் பட்டம் பெற்றவர்; தமிழிலும் தட்டுத் தடங்கலின்றிப் பேச வல்லவர். அவர் தம் முடிவுரையில் ஒரு கணக்குச் சொன்னார். உயிர் நீங்கிய உடம்பைக் குறிக்க ஆங்கிலத்தில் 'கார்ப்ஸ்' உண்டு, 'கார்கஸ்' உண்டு, 'கெடாவர்' உண்டு, 'கேரியன்' உண்டு, 'ரிமெய்ன்ஸ்' உண்டு. கப்பல் செத்தாலும் 'ரெக்' என்றும், 'ஹல்க்' என்றும், 'டெரிலிக்ட்' என்றும் தனித்தனிப் பெயர் உண்டு. மனிதனுக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று, மருத்துவக் கல்லூரிக்கு ஒன்று, கழுகுக்கு ஒன்று என்று அவர்கள் நுணுகி நுணுகிப் பெயரிட்டிருக்கிறார்கள். நம்மவர்க்கோ மனிதன் செத்தாலும் பிணம், மாடு செத்தாலும் பிணம். ஆகவே நுண்பொருளை உரைக்கத் தமிழ் போதாது என்று முடித்தார். கூட்டத்திற் பாதிப்பேர் கைதட்டினர்.

உடனே ஒரு புலவர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. பிணம், சவம், பிரேதம், சடலம், களேபரம் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கி, வலக்கை தீர்ந்தபின் இடக்கைக்கும் சென்று, ஆங்கிலத்திற்கு ஐந்தென்றால் எமக்குப் பத்து உண்டு என்று முழங்கினார். மற்றைப் பாதிப்பேர் கைதட்டினர். அதன்பின் தேநீர் வந்தது. கூட்டம் இனிதே கலைந்தது.

நமக்கு அவ்விரு கைதட்டலும் பிடிக்கவில்லை. சொற்களை எண்ணிக் காட்டுவது செட்டியார் கடையில் மூட்டையை எண்ணுவது போன்ற வேலை. மூட்டைக்குள் இருப்பது அரிசியா உமியா, அஃது எவன் வயலில் விளைந்தது, எவன் வயிற்றிலடித்துக் கொண்டுவரப்பட்டது என்று கேட்கவேண்டாமா? தலைவர் கேட்கவில்லை, புலவரும் கேட்கவில்லை. ஆதலின் நாம் கேட்கப் புகுகின்றோம். ஆங்கிலத்தின் மேல் நமக்குப் பகையில்லை. அதனைக் கண்டு குனிகிற முதுகின் மேல்தான் கோபம்.

முதலில் 'கார்ப்ஸ்' என்பதை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயரின் முன்னோர்க்கு உடம்பைக் குறிக்கச் சொந்தச் சொல் ஒன்று இருந்தது. 'லிக்' என்பது அது. உயிருள்ள உடம்பும் லிக், உயிர் போன உடம்பும் லிக். 1066-இல் நார்மானியர் கடல் கடந்து வந்து நாட்டைப் பிடித்தனர். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஏறி உட்கார்ந்தது. அதன்பின் லிக் என்னும் சொல் மெல்ல மெல்லத் தேய்ந்து ஒழிந்தது. இன்று பழைய மாதாகோயில்களின் இடுகாட்டு வாயிலில் பாடை வந்து நிற்கும் கூரைவேய்ந்த வாசலை 'லிச்கேட்' என்கிறார்களே, அங்கேதான் அது முழுதாக ஒதுங்கிக் கிடக்கிறது. இன்னும் ஒரு வேடிக்கை: 'ஸ்லோலி', 'பேட்லி' என்று வினைக்கு அடையாக வரும் ஆங்கிலச் சொற்களின் வாலில் 'லி' என்று ஒட்டிக்கொண்டிருப்பதும் அந்தப் பழைய லிக்கின் எச்சமே. பட்டம் பெற்ற பெரியவர் ஒரு நாளைக்கு நூறு முறை அந்தப் பழைய உடம்பைத் தூக்கிச் சுமக்கிறார், சுமப்பதை அறியார்.

லிக் போன இடத்தில் பிரெஞ்சின் வழியே இலத்தீன் 'கார்ப்பஸ்' வந்து அமர்ந்தது. அதற்கும் பொருள் உடம்பு என்பதேயன்றிப் பிணம் என்பதன்று. 1611-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மன்னர் ஆட்சியில் அச்சான ஆங்கில பைபிளில், ஏசாயா ஆகமத்தில் அசீரியரின் சேனை ஓரிரவில் மாண்ட கதை வருகிறது. அங்கே கார்ப்ஸ் என்னும் சொல்லுக்கு முன்னால் 'இறந்த' என்று ஓர் அடை நிற்கிறது. இக்காலத்து மாணவன் அதைக் கண்டு, பிணத்திற்கு இறந்த என்ற அடை எதற்கு, கூறியது கூறலன்றோ என்று நகைப்பான். அக்காலத்தில் அது கூறியது கூறலன்று. கார்ப்ஸ் என்றால் இருக்கிற உடம்பும் ஆகும். நம் 'சடலம்' என்ற சொல்லின் கதையும் இதுவே. முன்னோர் பாடல்களில் உயிரோடு நடமாடும் உடம்பைச் சடலம் என்றனர். இன்று சடலம் என்று ஒருவன் உடம்பைச் சொன்னால் அடிக்க வருவான். புலவர் எண்ணிக் காட்டிய 'களேபர'மும் உடம்பு, பிணம் என்ற பொருளுடையதாயிருந்து, இன்று பத்திரிகைகளில் கலகம், கூச்சல் என்ற பொருளுக்குப் போய்விட்டது. அன்று கூட்டத்தில் நடந்ததும் ஒருவகைக் களேபரமே.

அதே கார்ப்பஸ் என்னும் வேரினின்று பிறந்த இன்னொரு பிள்ளை 'கார்ப்பரேஷன்'. உடம்பிருந்து உயிர் போனவனுக்குக் கார்ப்ஸ் என்று பெயர். உடம்பே இல்லாமல், சாவும் இல்லாமல், இலண்டனில் ஒரு பெயர்ப்பலகையாக இருந்துகொண்டு, மலாயாவில் ஆயிரக்கணக்கான ஏக்கர் ரப்பர்த் தோட்டத்தை ஆண்டதற்குக் கார்ப்பரேஷன் என்று பெயர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிடையே இத்தனை வேற்றுமை!

இனி 'கார்கஸ்' என்பதற்கு வருவோம். இதுவும் நார்மானியர் பேசிய பிரெஞ்சின் வழி வந்ததே. தலைவர் சொன்ன நுணுக்கம் இங்கேதான் இருக்கிறதாம்: மனிதனுக்குக் கார்ப்ஸ், விலங்குக்குக் கார்கஸ். நன்று. மேலே சொன்ன 1611-ஆம் ஆண்டு பைபிளையே புரட்டுக. எபிரேயருக்கு எழுதிய நிருபத்தில், பாலைவனத்தில் மாண்டு விழுந்த மனிதரைக் குறிக்கக் கார்கஸ் என்றே போட்டிருக்கிறார்கள். மொழி தோன்றிய நாளிலேயே வகுத்துவைத்த பகுப்பன்று இது. இறைச்சிக் கடையும் நாகரிக வீடும் பெருகப் பெருகப் பின்னால் இறுகிய பகுப்பு. மாட்டுக்குக் 'கவ்', அதன் இறைச்சிக்கு 'பீஃப்'. பன்றிக்குப் 'பிக்', அதன் இறைச்சிக்குப் 'போர்க்' என்று பிரிந்திருப்பதைப் பலரும் அறிவர். வளர்த்தவன் சாக்ஸன், தின்றவன் நார்மானியன். ஆதலால் உயிரோடு இருக்கையில் சாக்ஸன் பெயர், தட்டில் வந்தபின் நார்மானியன் பெயர் என்று வால்டர் ஸ்காட் தம் 'ஐவன்ஹோ' நாவலில் 1819-இல் ஒரு விகடன் வாயால் சொல்லிவைத்தார். அது கேட்க இனிய கதை; ஆனால் முழு உண்மையன்று. பீஃப் என்ற சொல் நெடுங்காலம் உயிருள்ள மாட்டையும் குறித்தே வழங்கிற்று. சொல்லைக் கொடுத்த பிரெஞ்சுக்காரனோ இன்றும் மாட்டுக்கும் அதன் இறைச்சிக்கும் ஒரே சொல்லைத்தான் ஆள்கிறான். அவன் மொழி அதனால் ஏழையாய்ப் போயிற்றா? நாமும் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி என்கிறோம். எந்த உயிரை அறுத்துத் தின்கிறோம் என்பது தட்டிலும் மறையாமல் இருக்கிறது.

கார்ப்ஸ், கார்கஸ் என்ற இவ்விரண்டின் பேதத்தை அகராதியில் தேடிப் பயனில்லை. நீதிமன்றத்தில் தேட வேண்டும். மனிதப் பிணம் எவனுக்கும் உடைமையாகாது என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கொள்கை. 17-ஆம் நூற்றாண்டில் எட்வர்டு கோக் என்னும் சட்ட மேதை இதனை எழுதிவைத்தார். கேட்பதற்கு எவ்வளவு உயர்ந்த கொள்கை! அதன் பலன் என்னவாயிற்று? 1614-இல் ஹெய்ன்ஸ் என்னும் ஒருவன் இரவில் புதைகுழிகளைத் தோண்டிப் பிணத்தைச் சுற்றியிருந்த துணிகளைத் திருடினான். நீதிபதிகள் கூடி ஆராய்ந்து, துணி அதனைப் போர்த்தியவர்களுக்கு உரியது, ஆதலால் துணி திருடியது திருட்டே என்று முடிவு செய்தனர். பிணம் எவர்க்கும் உரியதன்று. ஆகவே பிணத்தையே தூக்கிச் சென்றால் அது திருட்டாகாது. பின்னாளில் பிணம் திருடி மருத்துவப் பள்ளிகளுக்கு விற்ற கூட்டத்தார் இதனை நன்கு கற்றிருந்தனர். குழியைத் தோண்டி, போர்வையைக் கழற்றிக் குழிக்குள்ளேயே எறிந்துவிட்டு, உடம்பை மட்டும் சாக்கில் கட்டிச் சென்றனர்.

ஆட்டின் கார்கஸோ உடைமை. 1741-இல் இயற்றிய சட்டத்தின்படி ஆடு திருடியவனுக்குத் தூக்கு. ஆட்டைத் திருடினால் கயிறு. பாட்டியின் உடம்பைத் திருடினால் திருட்டுக் குற்றமே இல்லை. இதுதான் அந்த நுணுக்கமான மொழியின் நுணுக்கமான நீதி.

மருத்துவர்கள் அறுத்துப் பயிலும் உடம்புக்கு வைத்த பெயர் 'கெடாவர்'. இதன் பிறப்பைப் பற்றி ஒரு கட்டுக்கதை உண்டு. புழுக்களுக்குக் கொடுக்கப்பட்ட இறைச்சி என்று பொருள்படும் மூன்று இலத்தீன் சொற்களின் முதலசைகளைச் சேர்த்தால் 'கா-டா-வெர்' என்று வருமாம்! இடைக்காலத்துத் துறவிகள் கட்டிவிட்ட கதை இது. உண்மையில் விழுதல் என்று பொருள்படும் இலத்தீன் வினையினின்று வந்தது. விழுந்தவன் என்பதே பொருள். நம் நடுகற்களில் போரில் மாண்ட வீரனைப் 'பட்டான்' என்று பொறித்திருக்கிறார்களே, அந்தப் 'படு' என்னும் வினைக்கும் விழுதல், சாதல் இரண்டும் பொருள். இரண்டு மக்கள் தனித்தனியே ஒரே காட்சியைக் கண்டு ஒரே வகையிற் பேசினார்கள். அவ்வளவே. இதனைக் கொண்டு இலத்தீனுக்குத் தமிழ் தாய் என்று எவரேனும் கிளம்பினால் அவரைத் துறவிகளின் பந்தியிலேயே உட்காரவைப்போம். கறியினின்று கேரியன் வந்தது என்று நாளை ஒருவர் எழுதக்கூடும். எழுதினால் அதற்கும் கைதட்டக் கூட்டம் இருக்கும். 'கறி' ஆங்கிலத்திற் சென்று வேறொரு சொல்லாகி உலகெங்கும் உணவுக் கடைகளில் தொங்குவது உண்மை. அந்த உண்மை போதாதா? பொய்யை ஏன் கூட்டிக்கொள்ள வேண்டும்?

கெடாவர் ஆனவர் யாவர் என்பதைப் பார்த்தால்தான் சொல்லின் உள்வயிறு தெரியும். 1827-இல் எடின்பரோ நகரில் பர்க், ஹேர் என்ற இருவர், தங்கள் விடுதியில் இறந்துபோன ஓர் ஏழையின் உடம்பை 7 பவுன் 10 ஷில்லிங்குக்கு ஓர் உடற்கூற்று ஆசிரியரிடம் விற்றனர். சாவு தானாக வரக் காத்திருப்பது நட்டம் என்று கண்டு, அதன்பின் 16 பேரை மூச்சடைத்துக் கொன்று விற்றனர். ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பினான். பர்க் 1829 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டான். அவன் உடம்பும் அறுக்கப்பட்டது. அவன் எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. நாடு அதிர்ந்தது. சர்க்கார் என்ன செய்தது? 1832-இல் ஒரு சட்டம் இயற்றி, உரிமை கோரி எவரும் வராத உடம்புகளை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம் என்றது. உரிமை கோரி எவரும் வராத உடம்பு எங்கே கிடக்கும்? பிரபுவின் மாளிகையிலா? ஏழையர் விடுதியிலும் தருமாஸ்பத்திரியிலும் கிடக்கும். அடக்கச் செலவுக்கு வழியில்லாத உறவினன் வாசலுக்கு வெளியே நின்று அழுதுவிட்டுப் போய்விடுவான். அதே 1832-இல்தான் ஆடு திருடியதற்குத் தூக்கு என்னும் சட்டமும் நீங்கியது. ஆட்டுத் திருடன் கயிற்றினின்று தப்பினான். கத்திக்கு ஏழை போனான். செல்வனின் உடம்பு கார்ப்ஸ் ஆயிற்று, ஏழையின் உடம்பு கெடாவர் ஆயிற்று. அதனைத்தான் நம் தலைவர் சொல்வளம் என்று மெச்சினார். (இக்காலத்தில் தம் உடம்பைத் தாமே மருத்துவத்திற்கு எழுதிவைக்கிற பெருந்தன்மையோர் பலர் உளர். அவரை இதனோடு சேர்த்து எண்ணற்க.)

கார்கஸ் என்னும் சொல் இறைச்சிக் கடையோடு நிற்கவில்லை. கூரையும் பூச்சும் இல்லாமல் நிற்கும் வீட்டின் கட்டுக்கோப்பும் கார்கஸ். அலமாரியின் வெறுங்கூடும் கார்கஸ். முற்றுகையிட்ட ஊரைக் கொளுத்த வீசிய தீக்குண்டும் கார்கஸ். தோட்டத்தில் பிறந்தவர்கள் அறியவேண்டிய ஒன்று: மோட்டார் வண்டிச் சக்கரத்தின் டயரில், தரையைத் தொடும் மேற்பட்டைக்கு உள்ளே, நூலும் ரப்பரும் அடுக்கடுக்காய் ஒட்டிச் சுமையையெல்லாம் தாங்குகிற உடம்பு இருக்கிறதே, ஆலைக்காரர்கள் அதற்கு வைத்த பெயரும் கார்கஸ்தான். நம் பாட்டன் பாட்டியர் வைகறை இருளில் கொசுக்கடியில் வெட்டி வடித்த பால், கடல் கடந்து போய்ப் பெற்ற பட்டம் அது.

கப்பலுக்கு வருவோம். 'ரெக்' என்பதற்கு உடைந்த கப்பல் என்று இன்று பொருள் சொல்கிறோம். முதலில் அஃது உடைந்ததன் பெயரன்று. அலை கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்ததன் பெயர். வடகடல் மக்கள் சொல். நார்மானியச் சட்டத்தில் நுழைந்து ஆங்கிலத்திற்கு வந்தது. சட்டம் ஏன் அதனைப் பிடித்துக்கொண்டது? கரைக்கு வந்த பொருள் அரசனுக்குரியது என்பதனால். 1275-இல் முதலாம் எட்வர்டு மன்னர் வெஸ்ட்மினிஸ்டரில் இயற்றிய சட்டம் ஒரு வரம்பு கட்டியது. கப்பலினின்று ஒரு மனிதனோ, ஒரு நாயோ, ஒரு பூனையோ உயிரோடு தப்பிக் கரையேறினால் அந்தக் கப்பலும் அதிலுள்ள பொருளும் ரெக் ஆகா. ஓராண்டும் ஒரு நாளும் காத்துவைத்து உடையவன் வந்தால் கொடுக்க வேண்டும். பூனை பிழைத்தால் வணிகன் பிழைத்தான்! இரக்கமுள்ள சட்டம் போலத் தோன்றும். ஆனால் கரையில் விளக்கோடு நிற்பவனின் உள்ளத்தைப் பாருங்கள். நனைந்து நடுங்கி ஒருவன் ஊர்ந்து வருகிறான். அவன் உயிரோடிருந்தால் சரக்கு அவனுக்கு; இல்லையேல் நிலக்கிழாருக்கோ அரசனுக்கோ, இடையில் கைக்கெட்டியது இவனுக்கு. ஒரு சொல்லின் பொருள் ஒரு மனிதனின் மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. உயிருள்ள பிராணி தப்பாவிட்டாலும் உடையவன் தன் பொருளை அடையாளங் காட்டினால் போதும் என்று மான்ஸ்பீல்டு பிரபு தீர்ப்பளித்தது 1771-இல். இடையில் ஓடியவை ஐந்நூறு ஆண்டுகள்.

மிதந்து வந்தால் 'பிளாட்சம்', பாரங் குறைக்க வீசியெறிந்தது 'ஜெட்சம்', மிதவை கட்டிக் கடலடியில் விட்டது 'லாகன்', மாலுமிகள் கைவிட்டது 'டெரிலிக்ட்' என்று வகுத்ததும் மொழிச் சுவைக்காக அன்று, பங்கு பிரிப்பதற்காக. இரண்டாம் எட்வர்டு காலத்துச் சட்டமொன்று கரையொதுங்கும் திமிங்கலத்தையும் அரசனுக்கே எழுதிவைத்தது. இதனால் இங்கிலாந்தில் திமிங்கலம் செத்து ஒதுங்கினால், உடைகலப் பொருள்களைக் கவனிக்கும் அதே உத்தியோகஸ்தருக்குத்தான் அறிவிக்க வேண்டும். செத்த விலங்கும் செத்த கப்பலும் ஒரே மேசைக்கு வருகின்றன. அரசனுக்கு அதனால் வருமானம் ஒன்றும் இல்லை. 1913 முதல் இலண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலை ஒதுங்கிய திமிங்கலங்களைக் குறித்துவைத்து வந்ததனால் அறிவுக்கு வருமானம் உண்டாயிற்று. இதனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். 'ஹல்க்' என்பதோ பாய்மரம் பிடுங்கப்பட்ட கப்பற்கூடு. 1776 முதல் 1857 வரை தேம்ஸ் நதியில் அதனை நிறுத்திக் கைதிகளை அடைத்தனர். கப்பலின் பிணத்திற்குள் மனிதரைப் போட்டுப் பூட்டினர்.

தமிழில் ரெக் என்பதற்குச் சொல் இல்லை என்ற தலைவர்க்கு 'உடைகலம்' என்ற சொல்லை நினைவூட்டுகிறோம். மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் கதையில் அது வருகிறது. அவன் சென்ற கப்பல் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் வாழும் மலைப்பக்கம் சேர்கிறான். அங்குள்ளோர் கலம் கவிழ்ந்து ஒதுங்கும் மனிதரைத் தின்பவர். அவர் மொழியை அறிந்திருந்த சாதுவன், அவர் தலைவனோடு பேசி இரண்டு வாக்குறுதி கேட்கிறான். உடைகலத்தினின்று தப்பி வருவோரைக் கொல்லாது காக்க வேண்டும் என்பது ஒன்று. முதிர்ந்து தானாகச் சாகும் விலங்கையன்றி வேறுயிரைக் கொல்லலாகாது என்பது மற்றொன்று. தலைவனும் இசைந்து, முன்பு தின்றவர்களிடமிருந்து சேர்த்த பொருளையெல்லாம் சாதுவனுக்கே கொடுத்தனுப்புகிறான். எட்வர்டின் சட்டம் பொருள் யாருக்கு என்று கேட்டது. சாதுவன் மனிதன் என்ன ஆவான் என்று கேட்டான். புலவர் இதனைக் கேட்டுத் தோளைத் தட்டிக்கொள்ள வேண்டாம். செத்த விலங்கைத் தின்பதை அறமென்று காவியத்தில் எழுதிய அதே தமிழகம், செத்த மாட்டைச் சுமக்கும்படி ஒரு கூட்டத்தாரைப் பிறப்பால் கட்டாயப்படுத்தி, சுமந்ததற்காகவே அவர்களைத் தீண்டத்தகாதவர் என்றது. அதற்குப் புலவர் எந்த நிகண்டிலிருந்து விடை எடுப்பார்?

இங்கேதான் 'கேரியன்' என்ற சொல்லுக்கு வருகிறோம். இறைச்சி என்று பொருள்படும் இலத்தீன் வேரினின்று தோன்றி, பிரெஞ்சின் வழியே வந்து, அழுகிய பிணவூன் என்று பொருளாயிற்று. அதே வேரினின்று பிறந்த வசைச்சொல் ஒன்று 'குரோன்' என்று வழங்குகிறது. முதிய பெண் என்று அதற்குப் பொருள் எழுதுகிறார்கள்! பிள்ளை பெற்று வளர்த்து முதுகு கூனியவளுக்கு அழுகிய ஊன் என்று பெயர். எந்த மொழியிலும் வசை முதலில் பெண்மேலும் அடுத்து ஏழைமேலும் விழுகிறது.

ஆங்கிலத்தின் பிணவூன் சொற்களிடையே தமிழ்ச் சொல் ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதைத் தலைவரும் சொல்லவில்லை, புலவரும் எண்ணவில்லை. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர், ஊர்ப்புறத்தில் கழிவும் செத்ததும் தின்று திரியும் நாய்க்குப் 'பரையா' நாய் என்று பெயரிட்டனர். இறைச்சிக் கடைமேல் வட்டமிட்டுக் குடலைக் கவ்வும் பருந்துக்குப் 'பரையா' பருந்து என்று பெயரிட்டுப் பறவை நூல்களிலும் அச்சேற்றினர். பறை முழக்கிய மக்களின் பெயர் அது. போருக்கும் திருவிழாவுக்கும் சாவுக்கும் வாழ்வுக்கும் ஊரைக் கூட்டிய கருவியின் பெயரால் வந்த பெயர். அதனை எடுத்துப் பிணந்தின்னும் பறவையின் கழுத்தில் மாட்டியவன் ஆங்கிலேயன். எடுத்துக் கொடுத்தவன் யார்? ஊரின் ஒதுக்குப்புறத்தைக் காட்டி, அதோ அவர்கள் இழிந்தவர் என்று துரைக்குச் சொல்லிக் கொடுத்தவன் தமிழன்தான். துரையின் அகராதியைக் கொளுத்துமுன் நம் நாக்கைக் கழுவிக்கொள்ள வேண்டும்.

இது பழங்கதையன்று. 1927 மார்ச்சில் பம்பாய் மாகாணத்து மகாடு என்னும் ஊரில் கூடிய மாநாட்டில், செத்த மாட்டை இழுப்பதையும் அதன் ஊனைத் தின்பதையும் இன்றோடு விடுங்கள் என்று டாக்டர் அம்பேத்கர் தம் மக்களிடம் கேட்டார். கேரியன் என்னும் சொல் அவருக்கு அகராதிச் சொல்லன்று, கழுத்திற் கட்டிய கயிறு. 2011-இல் மலேசியாவில் ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்த 'இன்டர்லோக்' என்னும் மலாய் நாவலில் அந்தச் சாதிச்சொல் இருந்தது பற்றித் தமிழர் கொதித்தெழுந்தனர். பின்னர் அந்நூல் பாடத்தினின்று நீக்கப்பட்டது. கொதித்தது நியாயமே. ஆனால் கொதித்தவர்களில் எத்தனை பேர் தம் மகளுக்கு வரன் பார்க்கும்போது அதே சொல்லை அடுக்களையில் மெல்லிய குரலில் உச்சரிக்கவில்லை? மேடையில் சொன்னால் அவமானம், அடுக்களையில் சொன்னால் ஆசாரமா?

நம் பத்திரிகைகளையும் விடுவதற்கில்லை. ஒரு தலைவர் காலமானால் 'அன்னாரது நல்லுடல்', 'பூதவுடல்' என்று கறுப்புக் கட்டம் போடுகிறோம். ஒரு தொழிலாளி ஆற்றில் மிதந்தால் 'சடலம் மீட்பு' என்கிறோம். நாலு வரியில் அவன் பெயர் மூன்றாம் வரியில் வருகிறது. சில வேளை வருவதேயில்லை. ஆங்கிலேயனிடம் கார்ப்ஸும் கெடாவரும் இருப்பதுபோலவே நம்மிடமும் இருக்கின்றன, பெயர்தான் வேறு. நாம் நம் தாயாரை ஓர் ஆஸ்பத்திரியின் பிணவறையினின்று வாங்கிவரச் சென்றபோது, அங்கிருந்த தமிழ்ச் சிற்றாள் வாசலில் நின்று, "பாடி எடுக்க வந்தீங்களாண்ணே?" என்று கேட்டான். நெஞ்சில் இடித்தது. அம்மா என்று சொல்லக்கூடாதா என்று எண்ணினோம். பிறகு எண்ணிப் பார்க்கையில் அவன்மேல் குறையொன்றும் தோன்றவில்லை. அன்று பக்கத்தில் கிடந்த பெரிய முதலாளியின் உடம்பையும் அவன் 'பாடி' என்றே சொன்னான். எல்லாரையும் ஒரே கையால் தூக்கினான். ஒரே சொல்லால் அழைத்தான்.

'ரிமெய்ன்ஸ்' என்னும் சொல் ஒன்று மிஞ்சியிருக்கிறது. எஞ்சியவை என்பது நேர்ப்பொருள். மரியாதைச் சொல்லாக வழங்குகிறது. 1942-க்கும் 1943-க்கும் இடையில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டனர். மாண்ட போர்க்கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர். போர் முடிந்தபின் அவர்களின் ரிமெய்ன்ஸை வழிநெடுகத் தோண்டியெடுத்து, காஞ்சனபுரியிலும் சுங்கைக்காயிலும் தன்புசயாட்டிலும் கல்லறைத் தோட்டம் அமைத்து, பெயர் தெரிந்தவர்க்குப் பெயர் பொறித்துப் புல் வளர்த்துப் பேணுகிறார்கள். அது சரியான காரியம். அதில் ஒரு பூச்செடியையும் பிடுங்கச் சொல்லமாட்டோம். அதே பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் 80,000 முதல் 1,00,000 வரை இருப்பர் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ரயிலேற்றிக் கொண்டுபோகப்பட்ட நம் தமிழர் அவருள் பெருந்தொகையினர். மதிப்பிடுகிறார்கள் என்பதைக் கவனிக்க; எண்ணவில்லை. இருபதினாயிரம் கூடக் குறைய இருக்கலாமாம்! கைதிகளின் கணக்கில் இருபதினாயிரம் கூடக் குறைய இருக்க முடியுமா? கொள்ளைநோயில் மாண்டவர்களைக் குவித்து மூடினர், அல்லது எரித்தனர். அவர்க்குக் கார்ப்ஸும் இல்லை, ரிமெய்ன்ஸும் இல்லை. கார்கஸ் ஆகியிருந்தாலேனும் எவனாவது விலைக்காக எண்ணியிருப்பான்.

தலைவர் எண்ணிய ஐந்து சொற்களில் இவர்க்கு எதனைக் கொடுப்பார்? புலவர் தம் பத்தில் எதனை எடுப்பார்? இருவர்க்கும் இப்பத்திரிகையின் அரைப்பக்கம் திறந்திருக்கிறது, எழுதட்டும். அதுவரை நம் நிருபத் தோழர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்து எந்தத் தோட்டத்திலோ கட்டுமான இடத்திலோ சாவு நேர்ந்து செய்தி எழுதி அனுப்பும்போது, மாண்டவர் பெயரை முதல் வரியில் எழுதுங்கள். வயது, ஊர், தாய் தந்தை பெயர் கேட்டு எழுதுங்கள். அதன்பின் 'உடல்' என்று போடுங்கள். இடமில்லையென்று ஆசிரியர் பெயரை வெட்டினால், வெட்டிய ஆசிரியர் பெயரை நமக்கு எழுதி அனுப்புங்கள்.